சத்தமில்லாத பெட்டி

கடகடப்பு நின்றது.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மேசைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஃபேன் வழக்கம்போல் இரைந்துகொண்டுதான் இருந்தது. பழைய துணிக்கு இஸ்திரி போடும்போது எழுவதுபோல், சூடேறிய தூசியின் வாசனை அவன் முழங்கால்களுக்கு இடையே எழும்பி வந்துகொண்டுதான் இருந்தது. நின்றது, பெட்டியின் பக்கவாட்டுத் தகடு போடும் கடகடப்பு மட்டும். அந்தத் தகட்டின் ஒரு திருகு எப்போதோ தொலைந்துபோயிருந்தது. ஃபேன் வேகம் எடுக்கும்போதெல்லாம் தகடு, குளிரில் பற்கள் அடித்துக்கொள்வதுபோல் நடுங்க ஆரம்பிக்கும். தானாக அடங்காது. ஒன்று, ஃபேன் ஓய வேண்டும். இல்லையென்றால் யாராவது உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும்.

ஃபேன் ஓயவில்லை.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். ஒரு பத்தியை நிதானமாக வாய்விட்டுப் படித்து முடிக்கும் நேரம் தகடு மௌனமாக இருந்தது. பிறகு, அழுத்திய கை விலகியதுபோல, மறுபடியும் கடகடவென்று ஆரம்பித்தது.

அந்தக் கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குனிந்து பார்க்கவில்லை.

அவன் மனைவி கதை படிப்பவள். நாவல்களை ஒலிப்புத்தகமாக வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே படித்து அனுப்புவாள். வீட்டின் பின்பக்கத்து அறைதான் அவளுடைய ஸ்டுடியோ. தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் கம்பளிகளை ஆணியடித்து மாட்டியிருந்தாள். சுவரோரமாக அவர்களுடைய துணிகள் அடர்த்தியாகத் தொங்கும்; குரல் எதிரொலிக்காமல் இருக்க அதுவும் ஓர் ஏற்பாடு. அந்த அறைக்குப் பகல் கிடையாது. மத்தியானம் கதவைச் சாத்தினாலும் இருட்டுதான். கம்பளியின் வாசனை, கற்பூர உருண்டை வாசனை, மைக்கின் நுரைத்தொப்பியில் படிந்த அவளுடைய மூச்சின் வாசனை.

அதே அறையில் இருந்த கம்ப்யூட்டர் அவனுடையது. அவன் கட்டட வரைபடம் போடுபவன். கட்டி முடிக்காத கட்டடங்களைத் திரையில் முழுதாக நிமிர்த்திச் சுற்றிக் காட்டுவதற்குப் பெரிய ப்ராசஸர் தேவைப்பட்டது; பெரிய ப்ராசஸருக்குப் பெரிய ஃபேன் தேவைப்பட்டது.

"உங்க கட்டடத்துக்குக் காத்தோட்டம் வேணும், ஒத்துக்கறேன். அதுக்காக என் கதைக்கு நடுவுல புயல் அடிக்கணுமா?" என்பாள். பெட்டிக்கு அவள் வைத்த பெயர் குறட்டை மாமா. பதிவு செய்யும்போது வலது கையால் பொத்தானை அழுத்துவாள், இடது உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைப்பாள். "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்பாள். குளிர்ந்த தண்ணீரில் இறங்கப்போகிறவள்போல் ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். பிறகு படிக்க ஆரம்பிப்பாள்.

தப்பாகப் படித்துவிட்டால் விரலைச் சொடுக்குவாள், ஒரே ஒரு தரம். ஒலிப்பதிவின் அலைக்கோட்டில் அந்தச் சொடுக்கு ஊசிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். பிற்பாடு வெட்டும்போது தேட வேண்டியதில்லை. சொடுக்கிவிட்டு மூச்சிழுத்து, அதே வாக்கியத்தை மறுபடியும் படிப்பாள். சமையலறையிலிருந்து அவனுக்குச் சொடுக்கு மட்டும் கேட்கும்.

"கூப்பிட்டியா?" என்று அவன் வேண்டுமென்றே கதவருகே போய் நிற்பான்.

"நாயைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. வந்துட்டீங்க, உக்காருங்க."

சத்தமில்லாத சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்குவதென்று முடிவாகியிருந்தது. கைக்கு அடக்கமான அலுமினியப் பெட்டி ஒன்றை அவள் பார்த்தும் வைத்திருந்தாள். சண்டை ப்ராசஸரில். அறுபத்தைந்து வாட்டுக்குக் கீழே இறங்கினால் தன் வேலை நடக்காது என்றான் அவன்.

"அதுக்கு ஃபேன் உண்டா?"

"சின்னதா ஒண்ணு."

"மாமா போனா மருமகன்."

அந்தச் சண்டை முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மூச்சு வாங்குகிறது என்றாள். நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். மாலையில் தாதி அவளுடைய மூக்குக்கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவனிடம் கொடுத்தாள். கண்ணாடியில் விரல்ரேகை இருந்தது. அவன் துடைக்கவில்லை.

கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஓர் அத்தியாயம் பாக்கி. மைக்குக்கு முன்னால் இருந்த தாங்கியில் புத்தகம் திறந்தபடியே இருந்தது.

தகடு நடுங்கி, அடங்கி, நடுங்கிய அன்று மாலை அவளுடைய அம்மா போன் செய்தார். அத்தைக்குக் கண் மங்கி வெகுகாலம் ஆகிறது. காதும் போய்க்கொண்டிருந்தது, கருவி வைத்திருந்தார். மகள் படிப்பதைக் கேட்பதுதான் அவருக்குப் பொழுது.

"மாப்ள, அவ படிச்சதைப் போட்டுப் பாத்தேன். ஒரே கொர்ருங்குது. காதுல வெச்சிருக்கற மிஷின் அவ குரலை விட்டுட்டு அந்தச் சத்தத்தைத்தான் பெருசாக்கிக் காட்டுது. எம்பொண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசற மாதிரி இருக்கு."

"அது கம்ப்யூட்டர் சத்தம் அத்தை. எடுத்துத் தரேன்."

"எடுக்க முடியுமா?"

"முடியும். கொஞ்ச நாள் குடுங்க."

"எடுங்க. அவ குரல் மட்டும் இருக்கற மாதிரி." அத்தை தொண்டையைச் செருமினார். "அப்புறம், கடைசி பாகம் வரவே இல்லையே. அந்தப் பொண்ணு இத்தனை வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து, மழையில நின்னு கதவைத் தட்டறா. அதோட நிக்குது. திறந்தாங்களா?"

"அதை அவ படிக்கலை அத்தை."

அத்தை போனைக் காது மாற்றி வைக்கும் உரசல் கேட்டது.

"புஸ்தகத்துல இருக்கும்ல. இருந்தாலும் நீங்க சொல்லிடாதீங்க மாப்ள. அவ வாயால கேக்காத முடிவு எனக்கு எதுக்கு?"

இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இரைச்சலை நீக்க முடியாது. மறுநாள் அவன் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை மேசையில் தேடிக்கொண்டிருந்தார். "என்ன வேலைக்கு சார்?"

"குரல் பதிவு. எடிட்டிங். சத்தமே வரக்கூடாது."

"கேம் ஆடற ஆளுங்க உண்டா வீட்ல?"

"இல்லை."

"அப்ப முப்பத்தஞ்சு வாட்டே ராஜபோகம்." இரண்டு சிறிய அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தார். "ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுங்கதான். சும்மா இருக்கறப்ப ரெண்டும் ஒரே அளவு கரண்டுதான் குடிக்கும். வேலை குடுத்தாத்தான் குணம் தெரியும். இவன் பேருக்குத்தான் அறுபத்தஞ்சு, ஆத்திரம் வந்தா நூறைத் தாண்டுவான். அவன் முப்பத்தஞ்சு, அடக்கி வெச்சிருக்காங்க. நிதானமா முடிப்பான், கொதிக்க மாட்டான். சாது."

"ஃபேனே இல்லாத பெட்டியில போட்டா தாங்குமா?"

"சாது தாங்குவான். பெட்டியோட உடம்பே சூட்டை வாங்கிக்கும். தொட்டா காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரி வெதுவெதுன்னு இருக்கும், பயந்துடாதீங்க. மேல எதையும் வெச்சு மூடக் கூடாது, அவ்வளவுதான்." கண்ணாடி கிடைத்தது. "யாரு சார் படிக்கறது, நீங்களா?"

"என் மனைவி."

"அட, கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவங்க பாத்து வாங்கினா ரிட்டர்ன் வராது."

"அவளால வர முடியலை."

அவன் சாதுவை எடுத்துக்கொண்டான். அவனுடைய கட்டடங்கள் இனி அலுவலகத்தில் நிமிர்ந்துகொள்ளட்டும். சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். சொல்வதற்குத்தான் ஆளில்லை.

"ஒண்ணு சொல்றேன் சார்," என்றார் கடைக்காரர், பில் போட்டபடி. "ஃபேன் இல்லாத பெட்டி வாங்கினவங்கள்ல பாதிப் பேரு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. இத்தனை நாள் அந்தச் சத்தம் ஒரு போர்வை மாதிரி மூடி வெச்சிருக்கும். அதை எடுத்துட்டா ஃபிரிட்ஜ் கேக்கும், பல்லி கேக்கும், பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விடறது கேக்கும். அமைதிய வித்துட்டேன், திருப்பி எடுத்துக்க மாட்டேன். பழைய பெட்டி இருந்தா கொண்டாங்க, அதை வேணா எடுத்துக்கறேன்."

பழைய பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருந்தது. இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு முதலில் அந்த இரைச்சலைத் தனியாகக் கேட்கக் கொடுக்க வேண்டும். எதைக் கொடுக்கிறோமோ அதைத்தான் அது பதிவிலிருந்து கழிக்கும், கொடுக்காததைத் தொடாது. அவளுடைய பதிவுகளில் பேச்சோ மூச்சோ இல்லாத இடங்களையெல்லாம் அவளே சுத்தமாக வெட்டியிருந்தாள். வெறும் இரைச்சல் எங்கும் மிச்சமில்லை. எனவே அவன் குறட்டை மாமாவைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, மைக்கைத் திறந்து, பதிவை ஆரம்பித்துவிட்டு, அறையைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். அறையில் ஆள் இருக்கக் கூடாது. ஆளிருந்தால் ஆளும் இரைச்சலோடு சேர்ந்துவிடும்.

சமையலறையில், அடுப்பு பற்றவைக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கதவுக்கு அப்பால் இரைச்சல். கூடவே கடகடப்பு. பிறகு கடகடப்பு இல்லை. அவன் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கடகடப்பு.

உள்ளே போனபோது திரையில் இரைச்சல் ஒரு தடித்த கம்பளிபோல் நீண்டு கிடந்தது. நடுவில் மெல்லியதாக ஓர் ஊசி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மரச்சட்டம் விரிந்திருக்கும். பல்லியாக இருக்கும். அவன் அதைப் போட்டுக் கேட்கவில்லை. எல்லாப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு பழைய பெட்டியைக் கடையில் சேர்த்தான்.

"டிஸ்க்கை அழிச்சுடலாமா சார்? அப்புறம் கேட்டா கடவுளே வந்தாலும் கிடைக்காது."

"அழிச்சுடுங்க. எல்லாம் என்கிட்ட இருக்கு."

புதிய பெட்டியை அவனே சாப்பாட்டு மேசையில் வைத்து இணைத்தான். ப்ராசஸர் ஒரு பிஸ்கட் அளவுதான் இருந்தது. அதன் முதுகில் சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறப் பசையைத் தடவி, அலுமினிய மூடியைப் பொருத்தி, எல்லாத் திருகுகளையும் இறுக்கினான். ஆடுவதற்கு ஒரு தகடு இல்லை. சுழல்வதற்கு ஒரு பொருள் இல்லை. பின்னறைக்குக் கொண்டுபோய் மைக்குக்குப் பக்கத்தில் வைத்து இயக்கியபோது ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் எரிந்தது. பெட்டி இயங்குகிறதா என்று காதை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. கையை வைத்துப் பார்த்தான். மெல்ல, உள்ளிருந்து, வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வீடு கேட்க ஆரம்பித்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகுவது. கூடத்துக் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் நாக்கைத் தட்டிச் சொல்வது. தன் சட்டைக் காலர் தாடியில் உரசுவது. விழுங்கும்போது தொண்டைக்குள் ஏதோ கதவு திறந்து மூடுவது. இவற்றுக்கெல்லாம் பின்னால், தொங்கும் துணிகளின் பக்கத்திலிருந்து, ஒரு புடவையை யாரோ இரண்டு விரலால் விலக்குவதுபோல் மிக மெல்லிய ஒரு சரசரப்பு. கடைக்காரர் சொன்னதுதான். போர்வையை எடுத்தாயிற்று.

அவன் வேலையைத் தொடங்கினான். ஆளில்லாத அறையின் இரைச்சலை மென்பொருளுக்குக் கேட்கக் கொடுத்தான். முதல் அத்தியாயத்தை ஏற்றினான். கழித்தான்.

ஹெட்போனில் அவள் பேசினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்ல, காதுமடலுக்கு அருகிலிருந்து. உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது. அவன் அழவில்லை. நிறுத்தவுமில்லை. சாப்பாடு மறந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கழித்துக்கொண்டே போனான். ஒவ்வொன்றையும் பழையதன் மேலேயே சேமித்தான். இரைச்சல் இருந்த பதிவு இனி யாருக்கு வேண்டும்? குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்று மட்டும் நெருடியது. என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை. அத்தைக்கு அனுப்பிவிட்டு, மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்கினான்.

மறுநாள் மத்தியானம் அத்தையின் போன்.

"மாப்ள, கேட்டேன்."

"சத்தம் போயிடுச்சா?"

"போயிடுச்சு." அத்தையின் குரல் தட்டையாக இருந்தது. "இதுல படிக்கறது யாரு?"

"அத்தை?"

"அவ சின்னதுல இருந்தே அப்படித்தான். பாட்டு சொல்லச் சொன்னாலும், பொய் சொல்லச் சொன்னாலும், முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா. அதை வெச்சே கண்டுபிடிச்சு அடிப்பேன். இதுல இருக்கறவ மூச்சே விடலை. பாகம் பாகமா உக்காந்து கேட்டேன், மூச்சே விடாம படிக்கறா. அவ செத்ததுக்கு அப்புறம் படிச்ச மாதிரி இருக்கு மாப்ள. சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அந்த மூச்சைத் திருப்பி வெச்சுக் குடுங்க."

வைக்க முடியாது. பழைய பதிவுகள் இல்லை. பழைய டிஸ்க் இல்லை. நாவல் முடியாததால் நிறுவனத்துக்கு எதுவும் போகவில்லை; அத்தையின் போனிலும் பழையதன் மேலேயே புதியது ஏறியிருந்தது. எல்லா அத்தியாயங்களையும் புரட்டிப் பார்த்தான். வாக்கியங்களுக்கு இடையே, அவள் மூச்சிழுத்த இடங்களிலெல்லாம், கோடு செத்துக் கிடந்தது.

மூச்சும் ஒருவகை இரைச்சல்தான் என்று சொல்லிப் பார்த்தான். மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது, சேர்த்துத் தின்றிருக்கும். நடப்பதுதான். சொல்லிக்கொண்டே, முன்பு கேட்காமல் விட்ட அந்தப் பதிவைத் திறந்தான். ஆளில்லாத அறையின் பதிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியை முழுதாகக் கூட்டினான்.

ஃபேனின் இரைச்சல். தகட்டின் கடகடப்பு.

கடகடப்பு நின்றது.

இரைச்சலுக்கு அடியில், குளிர்ந்த தண்ணீரில் இறங்கப்போகிறவள்போல், ஒரு மூச்சு உள்ளே போனது.

சொடுக்கு.

மறுபடியும் மூச்சு. பொறுமையாக. இன்னும் கொஞ்சம் ஆழமாக.

சொடுக்கு.

ஆரம்பிக்கப் பார்க்கிறாள். ஆரம்பிக்க முடியவில்லை. குறட்டை மாமா விடமாட்டேன் என்கிறார்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். மடியில் வைத்துக்கொண்டான். பயம் வந்தது, முதுகெலும்பு வழியாக, ஈரத்துணிபோல், ஒவ்வொரு கணுவாக ஏறியது. ஆனால் பயத்துக்கு முன்பே வேறொன்று வந்துவிட்டிருந்தது. தாங்கியில் திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தான். ஓர் அத்தியாயம் பாக்கி. அவளுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் அமைதி. உயிரோடு இருந்தபோது அதைக்கூட வாங்கித் தர முடியவில்லை.

இப்போது வாங்கியிருந்தான்.

எழுந்துபோய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான். சொட்டிய குழாயின் வாயில் துணியைக் கட்டி, துணியின் நுனியைத் தொட்டிக்குள் விட்டான். போனை அணைத்தான். செருப்பைக் கழற்றினான். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய், அவள் எப்போதும் வைக்கும் இடத்தில், மைக்கின் இடதுபக்கம் வைத்தான். மூக்குக்கண்ணாடியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தான். அவள் நாற்காலியை மைக்குக்கு நேராகத் திருப்பிவிட்டு, தான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டான். கதவைச் சாத்தினான். வெளியே மத்தியான வெயில். உள்ளே திரையின் வெளிச்சம் மட்டும்.

வெளியே போயிருக்கலாம். அறையில் ஆள் இருக்கக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் படிக்கும்போது ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

பதிவுப் பொத்தானை அழுத்தினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

திரையில் கோடு நகர்ந்தது. தட்டையாக. இவ்வளவு தட்டையான கோட்டை அந்த அறை கண்டதில்லை. சற்று நேரத்தில் அதில் ஒரு சிறிய மேடு எழுந்து இறங்கியது. இன்னொன்று. அவனுடைய மூச்சு. கடல் அமைதியாக இருக்கும்போது கரையில் அலை வருமே, அந்த அளவுதான். மேடு. பள்ளம். மேடு.

மூச்சை அடக்கினான். கோடு தட்டையானது.

பிறகு ஒரு மேடு எழுந்தது. அவனுடையது அல்ல.

ஹெட்போனில், வலது காதுக்குள், ஒரு மூச்சு உள்ளே போனது.

அவனிடமிருந்து ஒரு விம்மல் வெளிப்பட்டது. அழவே அழாத தொண்டையிலிருந்து, கேட்காமல், அடக்க முடியாமல்.

சொடுக்கு.

ஊசி திரையில் நின்றது. நீளமாக.

"மன்னிச்சுக்கோ," என்றான்.

சொடுக்கு.

வாயைப் பொத்திக்கொண்டான். மறுபடியும் மூச்சு. பொறுமையான, வேலை தெரிந்தவளின் மூச்சு. முக்காலியின் கால் தரையில் நெருடியது. சொடுக்கு. மூச்சு. அவன் எச்சில் விழுங்கினான். சொடுக்கு. மூச்சு. அவன் வயிறு முனகியது. சொடுக்கு. ஒவ்வொரு சொடுக்கும் இன்னும் கொஞ்சம் அருகில். கோபம் இல்லை அதில். களைப்பு இருந்தது. இத்தனை நாளாக ஆரம்பிக்க முயன்றவளின் களைப்பு.

கம்பளி வாசனைக்குள் மழை வாசனை. மருத்துவமனைத் தரையின் வாசனை.

அவன் கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டான். வெதுவெதுப்பாக எதையாவது தொட வேண்டும்போல் இருந்தது. அலுமினியம் காய்ச்சல்போல் சுட்டது. விரல்கள் மேலேறின. சூடு. சூடு. பிறகு சூடு இல்லை. நடுவில் ஓர் இடம் மட்டும் பனிக்கட்டிபோல். அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். அகலமான ஒரு பகுதி. அதிலிருந்து பிரிந்து போகும் மெல்லிய பகுதிகள். ஐந்து.

உள்ளங்கை.

இடது கை. அழுத்திக்கொண்டிருந்தது. ஆடுவதற்கு ஒன்றுமில்லாத பெட்டியை.

அது அவன் விரல்களுக்கு அடியிலிருந்து மெல்ல விலகியது. தேடுவதுபோல். சத்தம் இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டதுபோல்.

திரையில் மேடு. பள்ளம். மேடு. வேகமாக.

அவனுக்குப் புரிந்தது. அறையில் இன்னும் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

எழுந்திருக்கலாம். கதவு பக்கத்தில்தான்.

நாற்காலி லேசாக அவன் பக்கம் திரும்பியது. புத்தகத்தின் மேல் இருந்த கண்ணாடி இப்போது புத்தகத்தின் மேல் இல்லை. அது சற்று உயரத்தில், இருட்டில், இரண்டு சிறிய திரைகளாக மின்னியது. ஒரு கண்ணாடியில் விரல்ரேகை.

அவன் எழுந்திருக்கவில்லை.

நெஞ்சின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. குளிர்ந்திருந்தது. மென்மையாகத்தான் வைத்தாள். பிறகு அழுத்தினாள். தகட்டை அழுத்தும் அதே அளவு. கூடுதல் இல்லை. குறைவும் இல்லை.

"கொஞ்சம் சும்மா இருங்க."

மேடு. பள்ளம்.

மேடு.

கோடு தட்டையானது.

தட்டையாகவே போனது. வெள்ளைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. தம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. அவன் கண்கள் திறந்திருந்தன. அவற்றில் திரையின் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் சத்தமென்று எதுவும் மிச்சமில்லை.

கோட்டில் ஒரு மூச்சு எழுந்தது. நீண்ட, முழுமையான, இத்தனை நாளாகத் தேக்கி வைத்த மூச்சு.

தாங்கியில் பக்கம் புரண்டது.

பிறகு அலைகள் எழும்பின. ஒன்றன்பின் ஒன்றாக, சீராக, சொடுக்கே இல்லாமல், கடைசி அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து.